புறா அத்தியாயம்

அன்புள்ள ஐயா,

நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். நண்பர்கள் சிலர் சேர்ந்து மாதம் ஒரு நூலை வாசித்துக் கூடிப் பேசுவது வழக்கம். இம்முறை டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' நூலை எடுத்துக்கொண்டோம். உண்மையைச் சொன்னால் முதல் அத்தியாயத்திலேயே சலிப்பு வந்துவிட்டது. பக்கம் பக்கமாகப் புறாக்கள். அதைத் தாண்டி நேராக 'இயற்கைத் தேர்வு' அத்தியாயத்துக்குப் போய்விட்டேன். கலாபகஸ் தீவுகளில் குருவிகளின் அலகுகளைப் பார்த்தபோதுதான் டார்வினுக்குப் பொறி தட்டியது என்று பள்ளியில் படித்தோம்; அந்தக் கதையையும் நூலில் தேடினேன், கிடைக்கவில்லை. குழுவில் வேறு சில கேள்விகளும் எழுந்தன. வாலஸின் கண்டுபிடிப்பை டார்வின் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார் என்று ஒரு நண்பர் சொல்கிறார். தசாவதாரத்திலும் 'புல்லாகிப் பூடாய்' என்ற சிவபுராண வரியிலும் பரிணாமம் முன்பே சொல்லப்பட்டுவிட்டது என்கிறார் இன்னொருவர். பரிணாமம் என்பது முன்னேற்றம் என்றால் மனிதனுக்கு அடுத்த படி என்ன என்பதும் விவாதமாயிற்று. என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்கு இத்துறையை அறிமுகம் செய்ய எந்த நூல்களை எந்த வரிசையில் கொடுக்கலாம்? முக்கியமாக இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

அன்புடன்,
இளங்கோ

*

அன்புள்ள இளங்கோ,

நூற்பட்டியல் கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பெரும்பாலும் பதில் எழுதுவதில்லை. பட்டியல் கைக்கு வந்ததுமே வாசித்துவிட்ட நிறைவை அடைந்துவிடுகிறவர்களே அதிகம். உங்களுக்கு எழுத அமர்ந்ததற்குக் காரணம் அந்தக் கேள்வி அல்ல, பக்கம் பக்கமாகப் புறாக்கள் வந்ததால் தாண்டிப் போய்விட்டேன் என்று போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் வரி. சில வாரங்களாக டார்வினின் கடிதங்களில் 1855 முதல் 1859 வரையிலான பகுதியை வாசித்துக்கொண்டிருக்கிறேன். அதில் எங்கு திரும்பினாலும் புறாதான். அவருடைய அறிவு வாழ்க்கையின் மிக முக்கியமான ஆண்டுகள் அவை. நீங்கள் எதைத் தாண்டினீர்கள் என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

சிறிய கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். மீன், ஆமை, பன்றி என்று வரிசையாக வருவதாலேயே தசாவதாரம் பரிணாமக் கொள்கை ஆகிவிடாது. அங்கே இறைவன் ஒருவன் வெவ்வேறு வடிவெடுக்கிறான்; மீன்கள் தலைமுறை தலைமுறையாக மாறி ஆமைகள் ஆவதில்லை. சிவபுராணத்தில் பேசுவது ஓர் உயிர். எல்லாப் பிறப்பும் பிறந்து இளைத்த களைப்பை அது இறைவனிடம் முறையிடுகிறது. அந்தக் களைப்பை உயிரியல் பாடமாகச் சுருக்குகிறவர் மாணிக்கவாசகரையும் வாசிக்கவில்லை, டார்வினையும் வாசிக்கவில்லை. உங்கள் நண்பரிடம் இதைச் சற்று மென்மையாக்கிச் சொல்லுங்கள்.

இயற்கையியலாளர் வாலஸ் விஷயத்தில் திருட்டு ஏதும் இல்லை. 1858-இன் தொடக்கத்தில் மலாய்த் தீவுக்கூட்டத்தில் காய்ச்சலில் கிடந்தபோது அவருக்கு இயற்கைத் தேர்வு என்ற கருத்து பிறந்தது. டெர்னாட்டே தீவிலிருந்து அதைக் கட்டுரையாக்கி டார்வினுக்கே அனுப்பினார். அவ்வாண்டு ஜூலை 1 அன்று லண்டனின் லின்னேயன் என்ற அறிவியல் சங்கத்தில் இருவர் எழுத்தும் ஒன்றாக வாசிக்கப்பட்டன. டார்வின் 1844-லேயே அக்கருத்தை நீண்ட கட்டுரையாக எழுதி வைத்திருந்தார், அவருடைய நண்பரான தாவரவியலாளர் ஹூக்கர் அதை வாசித்தும் இருந்தார். கேட்காமல் தன் கட்டுரையை வாசித்துவிட்டார்களே என்று வாலஸ் கோபப்பட்டிருக்கலாம். மாறாக அவர் 1889-இல் எழுதிய நூலுக்கு 'டார்வினியம்' என்றே பெயர் வைத்தார். உரிமையாளரே புகார் கொடுக்காத வழக்கை நூற்றைம்பது ஆண்டு கழித்து உங்கள் குழு ஏன் விசாரிக்கிறது என்று தெரியவில்லை. வாலஸின் கட்டுரையில் பேச வேண்டிய விஷயம் வேறொன்று இருக்கிறது, அதற்குப் பின்னால் வருகிறேன்.

கலாபகஸ் கதையைத் தேடியும் நூலில் கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தேடினீர்களே, அதற்காக உங்களைப் பாராட்ட வேண்டும். அந்தத் தீவுகளைப் பற்றி டார்வின் அந்நூலில் நிறையப் பேசுகிறார், ஆனால் நம் பாடநூல்களில் அலகு அலகாகப் படம் போட்டுக் காட்டப்படும் அந்தக் குருவிகளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. 1835 செப்டம்பரிலும் அக்டோபரிலும் பீகிள் கப்பல் அங்கே நின்ற ஐந்து வாரங்களில் அவர் அக்குருவிகளைச் சுட்டுச் சேகரித்தார். ஆனால் எந்தப் பறவை எந்தத் தீவில் கிடைத்தது என்று பெரும்பாலும் குறித்துவைக்கவில்லை. அவற்றில் சிலவற்றை வேறு வேறு குடும்பத்துப் பறவைகள் என்றே எண்ணினார். அவை அனைத்தும் நெருங்கிய உறவுடைய ஒரே கூட்டம் என்பதை 1837 ஜனவரியில் லண்டனில் சொன்னவர் ஜான் கூல்ட் என்ற பறவையியலாளர். அதன் பிறகுதான் டார்வின் கப்பல் தலைவர் பிட்ஸ்ராயும் மற்றவர்களும் எடுத்துவந்திருந்த தொகுப்புகளைப் பார்த்துத் தீவுகளை ஊகிக்க முயன்றார்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஆமைக் கதை. தீவுகளின் துணை ஆளுநராக இருந்த லாசன், ஓட்டைப் பார்த்தே ஓர் ஆமை எந்தத் தீவைச் சேர்ந்தது என்று தன்னால் சொல்ல முடியும் என்று டார்வினிடம் சொன்னார். டார்வின் அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கப்பலில் ஏற்றிய ஆமைகளை எல்லோருமாகச் சமைத்துத் தின்று ஓடுகளைக் கடலில் வீசிவிட்டார்கள். இருபத்தாறு வயது டார்வின் கேம்பிரிட்ஜில் படித்தவர், பூச்சிகளைத் தேடித் திரிந்தவர், நிலவியல் அறிந்தவர். ஆனால் லாசனுக்கு இருந்த கண் அவருக்கு அப்போது இல்லை. அந்தக் கண்ணை அவர் பிற்பாடு எங்கே போய்ப் பெற்றார் என்பதே நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது. அவர் அதைப் பெற்ற இடத்தைத்தான் நீங்கள் தாண்டிப் போயிருக்கிறீர்கள்.

இயற்கைத் தேர்வு மூன்றே வாக்கியங்களில் சொல்லிவிடக்கூடிய கருத்து. ஒரே வகை உயிர்களுக்குள்ளும் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. அந்த வேற்றுமைகளில் பல பிள்ளைகளுக்கும் இறங்குகின்றன. பிறக்கிற அளவுக்குப் பிழைத்திருக்க இடமும் உணவும் இல்லாததால், அந்தந்தச் சூழலுக்குச் சற்றே பொருந்திய வேற்றுமை கொண்டவை அதிகமாகப் பிள்ளை விட்டுச் செல்கின்றன. இவ்வளவு எளிய விஷயம் அரிஸ்டாட்டிலுக்கோ, உயிர்களை வகைப்படுத்திப் பெயரிட்ட லின்னேயஸுக்கோ ஏன் தோன்றவில்லை? அறிவுக் குறைவாலா? இல்லை. மேற்கத்திய சிந்தனையில் பிளேட்டோ தொட்டு வேரூன்றிய ஒரு பழக்கம் தடுத்தது. குதிரை என்றால் மாறாத ஓர் உள்ளியல்பு உண்டு; கண்ணெதிரே நிற்கும் குதிரைகள் அதன் குறைபட்ட நகல்கள். ஒரு குதிரைக்கும் மற்றொரு குதிரைக்கும் உள்ள வேறுபாடு அறிவுக்குத் தேவையற்ற இரைச்சல், அதை விலக்கிவிட்டுப் பார்ப்பவனே அறிஞன். இந்தப் பார்வை இருக்கும்வரை முதல் வாக்கியமே பிறக்காது. தனித்தனி உயிர்களின் வேறுபாடுதான் உண்மை, 'வகை' என்பது நாம் போட்டுக்கொள்ளும் சராசரி என்று தலைகீழாக்கியதே டார்வினின் பெரும்பணி என்று இருபதாம் நூற்றாண்டில் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மேயர் எழுதினார். மேயரோடு எனக்குச் சில இடங்களில் உடன்பாடில்லை. இந்த இடத்தில் முழு உடன்பாடு உண்டு.

இதற்கு ஓர் அழுத்தமான சான்று கல்கத்தாவில் இருக்கிறது. 1841 முதல் அங்கே ஆசியச் சங்கத்தின் அருங்காட்சியகத்தைக் கவனித்தவர் எட்வர்ட் பிளைத். டார்வினுக்குப் பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதித் தகவல் தந்தவர். இந்தியாவுக்கு வருவதற்கு முன்பே, 1835-இல், அவர் எழுதிய கட்டுரையில் இயற்கையில் வலுவற்றவை அழிவதும் பொருத்தமானவை தப்பிப் பெருகுவதும் தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. ஆனால் அவர் அதிலிருந்து எடுத்த முடிவு நேர் எதிரானது. இவ்வாறுதான் இயற்கை ஒவ்வொரு வகையையும் அதன் மூல வடிவிலிருந்து வழுவாமல் காக்கிறது என்றார். அதே நிகழ்வைப் பார்த்த இருவரில் ஒருவர் அது வகையைக் காக்கிறது என்கிறார், மற்றவர் அதுவே வகையை மாற்றுகிறது என்கிறார். தகவலில் இருவருக்கும் குறைவில்லை. வேற்றுமையை விலகல் என்று பார்ப்பதா, மூலப்பொருள் என்று பார்ப்பதா என்பதில்தான் இருவரும் பிரிகிறார்கள். டார்வினுக்கு முன்னோடிகள் என்று பெயர்ப் பட்டியல் போடுகிறவர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்பதே இல்லை.

1838 செப்டம்பர் இறுதியில் மால்தஸின் மக்கள்தொகை நூலை வாசித்தபோது மூன்றாவது வாக்கியம் டார்வினுக்குக் கிடைத்துவிட்டது. முதல் வாக்கியம் அவருக்குக் கருத்தாகத் தெரிந்தது, ஆனால் கையால் தொட்டு அறியவில்லை. பல சிற்றினங்களை நுணுக்கமாக விவரித்துப் பழகாதவனுக்குச் சிற்றினம் பற்றிப் பேச உரிமையில்லை என்ற பொருளில் ஹூக்கர் எழுதியிருந்தது அவரைக் குத்தியது. 1846 முதல் எட்டு ஆண்டுகள் பாறைகளிலும் கப்பல்களின் அடியிலும் ஒட்டி வாழும் பார்னக்கிள் என்ற சிறு ஓட்டுயிர்களை நுண்ணோக்கியில் அறுத்துப் பார்த்தார். எந்த உறுப்பை எடுத்தாலும் அது கொஞ்சம் மாறிக்கொண்டே இருந்தது. இந்தப் பாழாய்ப்போன வேறுபாடு மட்டும் இல்லாவிட்டால் வகைப்படுத்துவது எளிதாக இருக்கும், ஆனால் கோட்பாட்டாளனாக எனக்கு இது இன்பமே என்று 1850-இல் ஹூக்கருக்கு எழுதினார். தொல்லையாகத் தெரிந்த ஒன்று புதையலாக மாறுவதை அந்தக் கடிதத்தில் பார்க்கலாம்.

அதன் பிறகு புறாக்கள் வந்தன. 1855-இல் டவுன் (Downe) என்ற கிராமத்தில் இருந்த தன் வீட்டுத் தோட்டத்தில் கூண்டு கட்டி, கிடைத்த சாதிகளையெல்லாம் வாங்கி வளர்த்தார். லண்டனின் இரண்டு புறா வளர்ப்போர் சங்கங்களில் உறுப்பினரானார். அவர் பெருஞ்செல்வர், மருத்துவர் வீட்டுப் பிள்ளை; புறா வளர்ப்பவர்களில் பலரோ நெசவாளர்களும் சிறு வணிகர்களும். லண்டனின் பரோ பகுதியில் ஒரு மதுக்கடையில் அவர்கள் நடுவே ஒரு மாலை உட்கார்ந்திருந்ததைப் பற்றி நண்பரான விலங்கியலாளர் ஹக்ஸ்லிக்கு எழுதியிருக்கிறார். யாரோ ஒருவர் உருவம் பெருக்க வேண்டி வேறு சாதியோடு கலந்து தன் புறாவின் தூய்மையைக் கெடுத்துவிட்டார் என்று பேச்சு எழ, அத்தனை பேரும் தலையை ஆட்டிய ஆட்டத்தில் இருந்த கம்பீரத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்கிறார். அந்தக் கேலிக்குள் மதிப்பும் இருந்தது. வளர்ப்பாளனாகச் சிறக்கத் தேவையான கண்ணும் மதிப்பீடும் ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட இல்லை என்று நூலில் எழுதுகிறார். விரும்பிய இறகை மூன்று ஆண்டுகளில் உண்டாக்கிவிடுவேன், தலைக்கும் அலகுக்கும் ஆறு ஆண்டு வேண்டும் என்று ஜான் செப்ரைட் என்ற வளர்ப்பாளர் சொன்னதையும் எடுத்துக் காட்டுகிறார்.

எனக்கு அந்தக் கண்ணைச் சிறு வயதிலேயே அருகிலிருந்து காணக் கிடைத்தது. நான் வளர்ந்தது ராயபுரத்தில். எங்கள் தெருவில் துறைமுகத்தில் வேலை பார்த்த ஒருவர் மொட்டை மாடி முழுக்கக் கூண்டு வைத்திருந்தார். நாங்கள் அவரைப் புறா மாமா என்போம். புறா வளர்க்கிறவன் உருப்பட மாட்டான் என்று என் அம்மா சொல்வாள். அந்த மாடிக்குப் போனது தெரிந்தால் அடி விழும். வேட்டை, நாய், எலி பிடிப்பது தவிர வேறொன்றிலும் அக்கறையில்லாத நீ குடும்பத்துக்கே அவமானம் ஆவாய் என்று தன் தந்தை திட்டியதை டார்வின் தன்வரலாற்றில் எழுதியிருப்பதைப் பின்னால் வாசித்தபோது எனக்கு அம்மாவின் குரல்தான் கேட்டது. மாமா வளர்த்தவற்றில் எங்களுக்குப் பிடித்தவை கர்ணப் புறாக்கள், அந்தரத்தில் கரணம் அடிப்பவை. ஒரே கூட்டில் பொரித்த இரண்டு குஞ்சுகளை இரு கையிலும் எடுப்பார். கட்டை விரலால் இறக்கையை விரிப்பார், வெயிலுக்கு நேரே திருப்பிக் கண்ணைப் பார்ப்பார். "இது நிக்கும், அது வேலைக்காகாது" என்பார். எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டால் பதில் இருக்காது. "பாரு, தெரியும்" என்பார். வேலைக்காகாதது மூர் மார்க்கெட்டுக்குப் போய்விடும், மற்றதற்கு அவர் ஜோடி தேடுவார். மூத்த புறாக்கள் பறப்பதையே காணாத ஒரு குஞ்சு, முதல் சில பறத்தல்களிலேயே உருண்டு கரணம் போட்டபோது யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டேன். "அது ரத்தத்துல இருக்குதுடா" என்றார். அதே சாதிப் புறாக்களைப் பற்றி, வேறொரு புறா கரணம் அடிப்பதையே பார்த்திராத குஞ்சுகள் அதைச் செய்வதைத் தானே கண்டதாகவும், அப்படி ஒன்றைப் புறாவுக்குக் கற்பிக்க எவரும் நினைத்திருக்க மாட்டார்கள் என்றும் டார்வின் உள்ளுணர்வு அத்தியாயத்தில் எழுதுகிறார். அந்த அத்தியாயத்தையும் நீங்கள் தாண்டியிருக்கலாம் என்று அஞ்சுகிறேன்.

ராயபுரத்தை வலிந்து டார்வினோடு ஒட்டவைக்கிறேன் என்று எண்ண வேண்டாம். அந்தப் புறா அத்தியாயத்திலேயே மதராஸ் இருக்கிறது. உலகின் பல பகுதிகளிலிருந்து தனக்குப் புறாத் தோல்கள் அனுப்பியவர்களில் இருவரை டார்வின் பெயர் சொல்லி நன்றி கூறுகிறார். அவர்களில் ஒருவர் மதராஸ் அரசுப்பணியில் இருந்த வால்டர் எலியட். அமராவதிச் சிற்பங்களை 1845-இல் அகழ்ந்தெடுத்த அதே எலியட்தான். டார்வின் 1856-இல் அவருக்கு எழுதி இந்தியப் புறாக்களைக் கேட்டார். நம் கோபுரங்களில் அடையும் மாடப்புறாவுக்கு இடுப்பு நீலம் கலந்த சாம்பல் நிறம், ஐரோப்பாவுடையதற்கு வெள்ளை என்ற வேறுபாடும் அவ்வத்தியாயத்தில் இருக்கிறது. இன்னொரு செய்தி, விஷயத்துக்குத் தொடர்பில்லாததுதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை: முதுமையில் பார்வை இழந்த எலியட், 1887-இல் தான் இறந்த நாளின் காலையில், ஜி. யு. போப்பின் திருக்குறள் பதிப்பைப் பற்றி அவருக்கே ஒரு கடிதம் சொல்லி எழுதவைத்துக் கையெழுத்திட்டார்.

இனி அந்த அத்தியாயம் என்ன செய்கிறது என்று பாருங்கள். விசிறிவால் புறாவுக்கு வாலில் முப்பது, சில வேளைகளில் நாற்பது இறகுகள். மற்றப் புறாக்களுக்குப் பன்னிரண்டோ பதினான்கோ. வளர்ப்புப் புறாக்களில் இருபது வகையையாவது எடுத்து, இவை காட்டுப் பறவைகள் என்று சொல்லி ஒரு பறவையியலாளரிடம் காட்டினால், தயங்காமல் தனித்தனிச் சிற்றினங்கள் என்று எழுதிவிடுவார் என்கிறார் டார்வின். இவை அனைத்தும் மாடப்புறா என்ற ஒரே மூதாதையின் வழிவந்தவை என்பதை நிறுவ அவர் செய்த சோதனை மிக அழகானது. தூய வெள்ளை விசிறிவால் புறாவைத் 'பார்ப்' (barb) என்ற சாதியின் தூய கறுப்புப் புறாவோடு சேர்த்தார். பிறந்தவை பழுப்பும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாக இருந்தன. அவற்றை மீண்டும் தமக்குள் சேர்த்தபோது பேரக்குஞ்சு ஒன்று காட்டு மாடப்புறாவின் அதே நீலத்தோடு, வெள்ளை இடுப்போடு, இறக்கையில் இரட்டைக் கறுப்புப் பட்டையோடு வந்து நின்றது. தாத்தா பாட்டி எவரிடமும் இல்லாத நீலம் அது. மரபு எப்படிக் கடக்கிறது என்பது டார்வினுக்குக் கடைசிவரை தெரியாது. பெற்றோர் இயல்புகள் கரைந்து கலந்துவிடும் என்றால் எந்த நல்ல வேறுபாடும் சில தலைமுறைகளில் நீர்த்துப்போகுமே என்று 1867-இல் பிளீமிங் ஜென்கின் என்ற பொறியாளர் கேட்டது அவரை மிகவும் வருத்தியது. விடை அதற்கு முந்தைய ஆண்டே மெண்டலின் பட்டாணிக் கட்டுரையில் அச்சாகியிருந்தது. மெண்டலையும் டார்வினையும் கணக்கால் இணைத்து முடிக்க பிஷர், ஹால்டேன் போன்ற மரபியலாளர்கள் வர வேண்டியிருந்தது. அது பெரிய கதை, இங்கே வேண்டாம். அந்த நீலக் குஞ்சு மட்டும் என் மனத்தைவிட்டுப் போவதில்லை.

இத்தனை கூர்மையான கண் இருந்தும் புறா வளர்ப்பவர்கள் ஏன் பரிணாமத்தைக் கண்டுபிடிக்கவில்லை என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும். புறாக்களைத் தாண்டியதால் கேட்கவில்லை. டார்வின் கேட்கிறார். ஒவ்வொரு சாதியும் தனித்தனியான ஒரு மூலச் சிற்றினத்திலிருந்து வந்தது என்று உறுதியாக நம்பாத ஒரு வளர்ப்பாளரைக்கூடத் தான் சந்தித்ததில்லை என்கிறார். மயிரிழை வேறுபாட்டைக் கண்டு பரிசு வாங்குகிறவர்கள், அந்த மயிரிழைகளைத் தலைமுறைதோறும் கூட்டிப் பார்க்க மறுக்கிறார்கள். புறா மாமாவும் அப்படித்தான். கர்ணப் புறா ஆதியிலிருந்தே கர்ணப் புறாதான் என்பார், சொல்லிக்கொண்டே தன் கையால் அதை மாற்றிக்கொண்டிருப்பார். தெரிந்து செய்வதைவிடத் தெரியாமல் செய்யும் தேர்வையே டார்வின் பெரிதாக நினைக்கிறார். பேக்வெல் என்ற புகழ்பெற்ற வளர்ப்பாளரின் மந்தையிலிருந்து வாங்கிய லெஸ்டர் ஆடுகளை இரண்டு பண்ணையாளர்கள் ஐம்பது ஆண்டுகளாக வேறு எதனோடும் கலக்காமல் வளர்த்தார்கள். இருவரும் எதையும் மாற்ற எண்ணவில்லை. கடைசியில் இரு மந்தைகளும் வெவ்வேறு சாதிகள் என்று தோன்றும் அளவுக்குப் பிரிந்திருந்தன. நோக்கமே இல்லாமல் தேர்வு நடக்கும், அது குவியும், குவிந்து பிரிக்கும் என்று காட்டிவிட்ட பிறகு, மனிதக் கையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பசியையும் பருந்தையும் வறட்சியையும் வைப்பது ஒரு சிறிய அடிதான்.

அந்த அடியை வைக்கும் இடம்தான் நீங்கள் நேராகப் போய் இறங்கிய நான்காம் அத்தியாயம். அதன் இரண்டாவது வாக்கியமே, மனிதன் கையில் இவ்வளவு வலிமையுடையது என்று நாம் கண்ட தேர்வு இயற்கையிலும் செயல்பட முடியுமா என்ற கேள்விதான். 'நாம் கண்ட' என்று அவர் சொல்லும்போது உங்களையும் சேர்த்துக்கொள்கிறார், இளங்கோ. நீங்கள் காணவில்லை. காணாமலே தலையசைத்துவிட்டு மேலே வாசித்திருக்கிறீர்கள். வாதத்தைப் பின்தொடராமல் முடிவை மட்டும் ஏற்றுக்கொள்வது, அந்த முடிவு எவ்வளவு சரியானதாக இருந்தாலும், நம்பிக்கைதான். தசாவதார நண்பரைக் கேலி செய்யும் உரிமையை நீங்கள் அந்தப் பக்கங்களோடு சேர்த்து விட்டுவிட்டீர்கள். கடுமையாகச் சொல்கிறேன் என்று வருந்த வேண்டாம். உங்கள் கடிதத்தில் நேர்மை இருந்ததால்தான் சொல்கிறேன். சலித்தது என்று ஒப்புக்கொள்ளும் வாசகர் அரிது.

அந்தக் காலத்திலும் இதற்கு நேர்மாறான ஆலோசனை ஒன்று வந்தது. கையெழுத்துப் பிரதியைப் படித்துப் பார்த்த பத்திரிகை ஆசிரியர் விட்வெல் எல்வின், புறாக்களைப் பற்றி மட்டும் ஒரு நூல் எழுதும்படி சொல்லுங்கள், புறா எல்லோருக்கும் பிடிக்கும் என்று பதிப்பாளர் ஜான் மரேக்கு எழுதினார். அவருக்கு மற்ற அத்தியாயங்கள் வேண்டாம், உங்களுக்கு முதல் அத்தியாயம் வேண்டாம். டார்வின் இருவருக்கும் செவிசாய்க்கவில்லை.

வாலஸைப் பற்றி மிச்சம் வைத்தது இதுதான். வளர்ப்பு விலங்குகளை வைத்து இயற்கையைப் பற்றி எதையும் முடிவு செய்யக் கூடாது, அவற்றைக் காட்டில் விட்டால் மூல வடிவுக்குத் திரும்பும் அல்லது அழியும் என்ற வாதத்தோடுதான் அவருடைய 1858 கட்டுரை தொடங்குகிறது. இருவரும் ஒன்றையே சொன்னார்கள் என்பது பாதி உண்மை. வாலஸ் அந்தக் கண்ணைக் காட்டில் பெற்றார். விற்பதற்காக ஒரே வண்ணத்துப்பூச்சியில் டஜன் கணக்காகப் பிடித்து அடுக்கிய தொழில்முறைச் சேகரிப்பாளர் அவர். அடுக்கிப் பார்க்கிறவனுக்கு எதுவும் ஒன்றுபோல் ஒன்று இல்லை என்பது தெரிந்துவிடும். கூண்டில் கற்றவரும் காட்டில் கற்றவரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தது, யார் முதலில் என்ற வழக்கைவிட எவ்வளவோ சுவையானது.

உங்கள் மகளுக்கான நூல் வரிசையைக் கேட்டிருந்தீர்கள். அது இருக்கட்டும். உங்கள் ஊரிலும் யாரோ ஒருவர் மாடியில் புறா வளர்ப்பார், அவரிடம் கூட்டிப் போங்கள். பத்துப் புறாக்களைத் தனித்தனியாக அடையாளம் சொல்ல அவளால் முடிகிறபோது எழுதுங்கள், பட்டியல் தருகிறேன்.

கடைசியாக அந்த 'அடுத்த படி'. பள்ளியில் சொன்ன குருவிகளை இங்கே கொண்டுவரலாம், ஏனென்றால் டார்வின் அவற்றில் பார்க்காததை வேறு இருவர் பார்த்தார்கள். பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதியர் 1973 முதல் கலாபகஸில் டாப்னே மேஜர் என்ற சிறு தீவில் ஆண்டுதோறும் தங்கி, குருவிகளை வலையில் பிடித்து, காலில் வளையமிட்டு, அலகை அளந்துவிட்டுப் பறக்கவிட்டார்கள். 1977-இல் மழை பொய்த்தது. சிறு விதைகள் முதலில் தீர்ந்தன. எஞ்சியவை பெரிய, கடினமான விதைகள். அவற்றில் நம்மூர் நெருஞ்சியின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் முள்விதைகளும் உண்டு. நடுத்தரத் தரைக்குருவிகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் மறைந்துபோயின. பிழைத்தவற்றின் அலகு, வறட்சிக்கு முன் இருந்த சராசரியைவிட ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் பருமன் கூடியது. அவற்றின் குஞ்சுகளுக்கும் அந்தப் பருமன் இறங்கியது. அரை மில்லிமீட்டர், இளங்கோ. புறா மாமா வெயிலுக்கு நேரே திருப்பிப் பார்த்துச் சொல்லக்கூடிய வேறுபாடு அது. வகையை மட்டும் பார்த்துப் பழகியவர் கண்ணில் படவே படாது. பிறகு 1983-இல் எல் நீனோ மழை கொட்டித் தீர்த்தது. கொடிகள் தீவை மூடின, சிறு விதைகள் குவிந்தன. அடுத்து வந்த ஆண்டுகளில் சிறிய அலகுடையவை அதிகம் பிழைத்தன, சராசரி திரும்பி வந்தது.

பெரிய அலகு முன்னேற்றமா, சிறிய அலகு முன்னேற்றமா? கேள்வியே தவறு. அங்கே ஏறுவதற்குப் படிக்கட்டு எதுவும் இல்லை, அந்த ஆண்டு தரையில் கிடந்த விதைதான் இருந்தது. உங்கள் குழுவில் யாராவது மனிதனுக்கு அடுத்த படி என்ன என்று மறுபடியும் கேட்டால், 1977-ஐப் போன்ற ஆண்டிலா, 1985-ஐப் போன்ற ஆண்டிலா என்று திருப்பிக் கேளுங்கள்.

அன்புடன்.